சென்ட்ஓஎஸ் 7-இல் டாக்கர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு அன்றோடு முடிந்தது. கிருஷ்ணகிரியில் அது மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் பக்கம் நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில், பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் எடைமேடைக்கு வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. எடைச்சீட்டு, பில், விவசாயிகளுக்கான பணப் பட்டுவாடா எல்லாமே ஒரே ஒரு பழைய சர்வரில், டாக்கர் என்ற மென்பொருள் ஓட்டும் ஆறு கண்டெய்னர்களில், அதாவது ஒவ்வொரு நிரலையும் தனியே அடைத்து ஓட்டும் ஆறு பெட்டிகளில். திங்கட்கிழமை காலை என்ன ஆகுமோ என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. செவ்வாயும் ஆகவில்லை.

அதுதான் தொல்லையே. ஆதரவு முடிகிற நாளில் எதுவும் உடையாது. மூன்று வாரமோ எட்டு மாதமோ கழித்து, வேறு ஏதோ வேலைக்காகக் கை வைக்கும்போது உடையும். வருகிற பிழைச்செய்தியில் சென்ட்ஓஎஸ் என்ற பெயரே இருக்காது. நோடு பிழை என்பார்கள், ஜாவா பிழை என்பார்கள், ஏர்டெல் லைன் சரியில்லை என்பார்கள். ஹோஸ்டுக்கு, அதாவது கண்டெய்னர்களைத் தாங்கும் சர்வரின் இயங்குதளத்துக்கு, வயசு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஹோஸ்டின் வயசு

எந்த அறிகுறியாக இருந்தாலும் நாலு விவரத்தை எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல ஒலிப்படி எழுதுகிறேன். டைப் அடிக்கும்போது வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்துதான்.

எட்சி ஃபோல்டரில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்தால் எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று தெரியும். யூநேம் மைனஸ் ஆர் கொடுத்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எண். டாக்கர் வெர்ஷன் கொடுத்தால் கிளையன்ட், சர்வர் இரண்டின் எண்ணும் வரும். டாக்கர் இன்ஃபோவில் ஸ்டோரேஜ் டிரைவர் (இமேஜ், கண்டெய்னர்களை டிஸ்க்கில் வைக்கும் முறை), சிகுரூப் வெர்ஷன் (மெமரி போன்றவற்றுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதியின் பதிப்பு) என்ற இரண்டு வரிகள் போதும்.

சென்ட்ஓஎஸ் 7 என்றால் கெர்னல் எண் 3.10 என்று தொடங்கும். அந்தக் கெர்னல் முதலில் வெளிவந்தது 2013 ஜூன் 30. ஆதரவு முடிந்த அன்று அதற்குச் சரியாகப் பதினோரு வயசு. சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான ரெட்ஹேட் நிறுவனம் அதற்குள் எத்தனையோ திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தது உண்மைதான், ஆனால் எண் 3.10 ஆகவே நின்றுவிட்டது. கண்டெய்னருக்குள் நேற்று வந்த உபுண்டுவே இருந்தாலும் அது ஓடுவது இந்தக் கெர்னல்மேல்தான். கீழே வரும் பிழைகளில் சிலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

டாக்கர் எண்ணைப் பார்க்கும்போது இரண்டை நினைவில் வையுங்கள். 26.1.4 என்று இருந்தால், அது 2024 ஜூனில் வந்தது. சென்ட்ஓஎஸ் 7-க்கு என்று கட்டித்தரப்பட்ட கடைசிப் பதிப்பு அதுதான். 1.13.1 என்று இருந்தால், யாரோ அந்தக் காலத்தில் மென்பொருள் நிறுவும் யம் கருவியில் வெறுமனே "யம் இன்ஸ்டால் டாக்கர்" என்று அடித்து, சென்ட்ஓஎஸ்ஸின் சொந்த ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) இருந்ததை எடுத்திருக்கிறார்கள். 1.13 வரிசை 2017-ஐச் சேர்ந்தது. நம் பக்கத்துச் சின்னச் சின்ன ஆலைகளில் நான் பார்த்த சர்வர்களில் இரண்டாவது வகைதான் அதிகம்.

அறிகுறி: யம் ஓடவில்லை, மிரர்லிஸ்ட் கிடைக்கவில்லை என்கிறது

இது எளிது. பேக்கேஜ்கள் எங்கே கிடைக்கும் என்று யம்முக்குச் சொல்லிவந்த மிரர்லிஸ்ட் டாட் சென்ட்ஓஎஸ் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியே இப்போது கிடையாது. அதனால்தான் ஹோஸ்ட் பெயரைத் தீர்க்க முடியவில்லை என்று செய்தி வருகிறது. அதைப் பார்த்துவிட்டு டிஎன்எஸ்ஸை மாற்றாதீர்கள், ரவுட்டரைக் குறை சொல்லாதீர்கள். எட்சிக்குள் யம் டாட் ரெப்போஸ் டாட் டி ஃபோல்டரில் சென்ட்ஓஎஸ்-பேஸ் ரெப்போ ஃபைலைத் திறந்து, மிரர்லிஸ்ட் என்று தொடங்கும் வரிகளுக்கு முன்னால் ஹேஷ் போடுங்கள். பேஸ்யூஆர்எல் வரிகளின் முன்னால் இருக்கும் ஹேஷை எடுங்கள். அவற்றில் மிரர் என்று இருக்கும் இடத்தில் வால்ட் என்று மாற்றுங்கள், பதிப்பு எண்ணை 7.9.2009 என்று முழுசாக எழுதுங்கள். அப்புறம் யம் கிளீன் ஆல்.

வால்ட் என்பது பழைய பொருள் வைக்கும் பரண். அங்கே புதிதாக எதுவும் வந்து சேராது. பாதுகாப்புத் திருத்தமும் வராது. யம் ஓடுகிறது என்பதற்காகச் சர்வர் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹோஸ்டில் இதைச் சரிசெய்த பிறகும், இமேஜ் (கண்டெய்னரை வார்க்கும் அச்சு) கட்டும்போது அதே பிழை வந்தால், அதைக் கட்டும் படிகள் எழுதிய டாக்கர்ஃபைலின் முதல் வரியைப் பாருங்கள். "ஃப்ரம் சென்ட்ஓஎஸ் 7" என்று இருந்தால், அந்த இமேஜுக்குள்ளும் அதே செத்த முகவரிதான் இருக்கிறது. அங்கேயும் மாற்ற வேண்டும்.

அறிகுறி: டாக்கர் சிஇ நிறுவும்போது கண்டெய்னர்-எஸ்இலினக்ஸ் வேண்டும் என்று நிற்கிறது

டாக்கர் சிஇ என்பது டாக்கர் நிறுவனமே தரும் இலவசப் பதிப்பு. கண்டெய்னர்-எஸ்இலினக்ஸ் பேக்கேஜ் டாக்கர் ரெப்போவில் இல்லை, சென்ட்ஓஎஸ் எக்ஸ்ட்ராஸ் ரெப்போவில் இருக்கிறது. மேலே சொன்ன வால்ட் மாற்றத்தை எக்ஸ்ட்ராஸ் பகுதிக்கும் செய்துவிட்டால் போதும். இணையத்தில் எங்கிருந்தோ ஆர்பிஎம் ஃபைல் இறக்கி நோடெப்ஸ் (தேவையான மற்ற பேக்கேஜ்களைச் சோதிக்காதே) போட்டு நிறுவுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து வருபவருக்கு அது பெரிய தலைவலி.

அறிகுறி: டாக்கர்ஃபைலில் "ஆஸ் பில்ட்" என்ற வரியில் பார்சிங் பிழை

டாக்கர் 1.13.1 ஓடுகிறது. ஒரே ஃபைலில் பல கட்டமாக இமேஜ் கட்டும் வசதி 17.05-இல்தான் வந்தது. பழைய டாக்கரை எடுத்துவிட்டு டாக்கர் சிஇ 26.1.4 போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஸ்டோரேஜ் டிரைவர் பகுதியைப் படித்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் இதைவிடப் பெரிய குழியில் விழுவீர்கள்.

அறிகுறி: புது இமேஜ் எழுந்தவுடன் விழுகிறது, "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்"

இதற்குப் பல முகம் உண்டு. நோடு 18 இமேஜ் என்றால் நோடு பிளாட்ஃபார்ம் ஃபைலில் ஒரு அசெர்ஷன் பிழை, அதில் யூவி திரெட் கிரியேட் என்ற சொல் இருக்கும். உபுண்டு 22.04 இமேஜ் என்றால் ஏபிடி அப்டேட்டின் கடைசியில் போஸ்ட்-இன்வோக் ஸ்கிரிப்டை ஓட்ட முடியவில்லை என்று வரும். ஆல்பைன் 3.14 முதலான இமேஜ்களில் மேக் ஓட்டினால் ஷெல்லையே தொட அனுமதி இல்லை என்று சொல்லும்.

மூன்றுக்கும் காரணம் ஒரே மாதிரி. குளோன்3, ஃபேக்சஸ்அட்2 போன்ற புதிய சிஸ்டம் கால்களை (நிரல்கள் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை) பழைய டாக்கருக்குத் தெரியாது. அதன் செக்காம்ப் வடிகட்டி, தெரியாத காலுக்கு "இங்கே அது இல்லை" என்று பதில் சொல்லியிருந்தால் உள்ளே இருக்கும் சி லைப்ரரி (உபுண்டுவில் ஜிலிப்ஸி, ஆல்பைனில் மசல்) பழைய வழியில் போய் வேலையை முடித்திருக்கும். வடிகட்டியோ "அனுமதி இல்லை" என்கிறது. லைப்ரரி அதை நம்பி வேலையைக் கைவிடுகிறது. வாசலில் நிற்கும் வாட்ச்மேன், தனக்குத் தெரியாதவரை "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று சொல்லாமல் "உள்ளே விடமாட்டோம்" என்று திருப்பி அனுப்பிய கதை.

குளோன்3 விஷயம் டாக்கர் 20.10.10-இல் திருத்தப்பட்டது. அதற்குக் கீழே இருந்தால் டாக்கரையும், அதன் அடியில் கண்டெய்னர்களை ஓட்டும் கண்டெய்னர்டியையும் சேர்த்தே ஏற்றுங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் பலன் இருக்காது. காரணம் இதுதானா என்று உறுதி செய்ய, ஒரே ஒரு முறை செக்யூரிட்டி-ஆப்ட் செக்காம்ப் அன்கன்ஃபைன்டு என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் நோய் இதுதான். ஓடிவிட்டதே என்று அதை, கண்டெய்னர்களின் அமைப்பை எழுதும் கம்போஸ் ஃபைலில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். பிரிவிலெஜ்டு என்று எழுதி வைப்பது அதைவிட மோசம். ஆதரவு முடிந்த கெர்னலின் மேல் கதவையும் திறந்துவைப்பதாகிவிடும்.

அறிகுறி: ஃபைல் கண்முன் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது

இதில் நான் ஒரு ராத்திரியைத் தொலைத்தேன்.

அந்தக் கூழ் ஆலையில் சீசன் நடுவே ஒரு நாள் மாலை, பில் பிடிஎஃப் வருவது நின்றுபோனது. மென்பொருள் எழுதிக்கொடுத்த பையன் அன்று மதியம்தான் இமேஜை உபுண்டு 20.04-க்கு மாற்றியிருக்கிறான். அவனுடைய லேப்டாப்பில் ஓடுகிறது. ஆலையில் ஓட்டினால் லிப்க்யூடி5கோர் டாட் எஸ்ஓ டாட் 5 என்ற லைப்ரரி ஃபைலே இல்லை என்கிறது. எச்டிஎம்எல்லைப் பிடிஎஃப் ஆக்கும் டபிள்யூகே-எச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் கருவிக்கு அது வேண்டும். கண்டெய்னருக்குள் போய்ப் பார்த்தால் ஃபைல் இருக்கிறது. அளவு சரி, அனுமதி சரி. எந்த லைப்ரரி கிடைக்கிறது என்று காட்டும் எல்டிடியை ஓட்டினால் "நாட் ஃபவுண்ட்". நாலு தடவை அந்தப் பேக்கேஜை அழித்து நிறுவினேன். எடைமேடைக்காரர் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்ணா, இருக்குதுன்னும் நீங்களே சொல்றீங்க, இல்லைன்னும் நீங்களே சொல்றீங்க?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. விடை இதுதான். அந்த லைப்ரரிக்குள் ஒரு சிறு குறிப்பு பொதிந்திருக்கிறது: இதை ஓட்டக் குறைந்தது 3.17 கெர்னல் வேண்டும் என்று. ஹோஸ்ட் 3.10. லைப்ரரிகளை ஏற்றும் லோடர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, இந்த ஃபைல் எனக்கு ஆகாது என்று ஒதுக்கிவைத்து, மற்ற இடங்களில் தேடி, எங்கும் கிடைக்காமல் கடைசியில் "ஃபைல் இல்லை" என்கிறது. கெர்னல் பழசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்.

உறுதி செய்ய, ஃபைல் என்ற கட்டளைக்கு அந்த லைப்ரரியின் பாதையைக் கொடுங்கள். விடையின் வால் பகுதியில் "ஃபார் க்னூ லினக்ஸ் 3.17" என்று இருக்கும். ஒட்டுவேலையாக, ஸ்ட்ரிப் கட்டளையில் ரிமூவ்-செக்ஷன் கொடுத்து, டாட் நோட் டாட் ஏபிஐ-டேக் என்ற பகுதியை அந்த லைப்ரரியிலிருந்து நீக்கலாம். ஏபிஐ மூன்றும் இங்கே பெரிய எழுத்து, நடு எழுத்து பெங்களூருக்கு வரும் பி. பழக்கதோஷத்தில் பேப்பருக்கு வரும் பி-யை அடித்துவிடாதீர்கள். இதை டாக்கர்ஃபைலிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை இமேஜ் கட்டும்போது நோய் திரும்பும். எங்களுக்கு அந்த ஒட்டு சீசன் முடியும்வரை தாங்கியது. எல்லா லைப்ரரிக்கும் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே புதுக் கெர்னல் வசதி தேவைப்படுகிற நிரல் என்றால் ஓடும்போது நடுவழியில் விழும்.

அறிகுறி: டாக்கரை ஏற்றிய பின் டாக்கரே எழவில்லை

சர்வரின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் டிவைஸ்மேப்பர் என்ற சொல் தென்படுகிறதா? டிவைஸ்மேப்பர் ஸ்டோரேஜ் டிரைவர் டாக்கர் 25-இல் முழுசாக நீக்கப்பட்டுவிட்டது. பழைய சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நேராக 26-க்குத் தாவினால் டீமன் (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) எழாது.

பதறாதீர்கள், இமேஜும் வால்யூமும் (கண்டெய்னர்களின் டேட்டா இருக்கும் இடம்) அழியவில்லை. யம் டவுன்கிரேடில் டாக்கர் சிஇ, டாக்கர் சிஇ-சிஎல்ஐ இரண்டையும் 24 வரிசைக்கு இறக்குங்கள். டாக்கரின் அமைப்பு ஃபைலான டீமன் டாட் ஜேசனில் ஸ்டோரேஜ்-டிரைவர் டிவைஸ்மேப்பர் என்று வெளிப்படையாக எழுதினால் எழுந்துவிடும். எழுந்ததும் முதல் வேலை, டேட்டாவை வெளியே எடுப்பது. இமேஜ்களை டாக்கர் சேவ் போட்டு டார் ஃபைலாக வெளியே எடுங்கள். எக்ஸ்போர்ட் வேண்டாம், அது கண்டெய்னரின் ஃபைல்களை மட்டும் தட்டையாகக் கொடுக்கும், சிஎம்டி, என்விரான்மென்ட் எல்லாம் போய்விடும். டேட்டாபேஸை அதன் சொந்த டம்ப் கட்டளையால் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் வால்யூமை டார் போடுவது ஓடுகிற பஸ்ஸுக்கு டயர் மாற்றுவது போல.

சரி, இனி ஓவர்லே2 என்ற ஸ்டோரேஜ் டிரைவருக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தால் அங்கே இன்னொரு தடை இருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் அண்டர்ஸ்கோர் இன்ஃபோ கட்டளையை வார் லிப் டாக்கர் இருக்கும் டிஸ்க்கின்மேல் ஓட்டி எஃப்டைப் என்ன என்று பாருங்கள். 1 என்றால் கவலை இல்லை. 0 என்றால், சென்ட்ஓஎஸ் 7-இன் தொடக்கப் பதிப்புகளில் ஃபார்மேட் செய்த டிஸ்க் அது. ஓவர்லே2 அதன்மேல் ஓடாது. இதை இருந்த இடத்தில் மாற்ற வழி இல்லை, மறுபடி ஃபார்மேட்தான். நான் செய்வது: ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் புதிதாக ஃபார்மேட் செய்து, அதை வார் லிப் டாக்கரில் மவுன்ட் செய்து, அப்புறம் 26.1.4 போட்டு, டாக்கர் லோடு. பழைய டிஸ்க்கைத் தொடவே மாட்டேன்.

அறிகுறி: இமேஜ் இறக்கும்போது சான்றிதழ் காலாவதி என்கிறது

டேட் என்று அடித்துப் பாருங்கள். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் சர்வர் 2015 ஜனவரியில் இருந்தது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது, வார இறுதியில் கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் அடங்கிவிட்டது. சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றி, நேரத்தைச் சரிசெய்யும் குரோனியை ஓடவிட்டோம். தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால், சிஏ-சர்டிஃபிகேட்ஸ் பேக்கேஜை வால்ட் வழியாக ஏற்றுங்கள். 2021 செப்டம்பர் 30-இல் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது, அதற்கு முன்பிருந்து தொடாத சர்வர் என்றால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வீடு மாறிய பிறகு வரும் அறிகுறிகள்

மேலே சொன்னவை எல்லாம் முட்டுக்கொடுப்பது. முட்டுக்கொடுப்பதை விட்டுவிட்டு வீடு, அதாவது சர்வர், மாறியே ஆக வேண்டும். கூழ் ஆலையில் ஆகஸ்டோடு வேலை அடங்கிவிடும், அதனால் ஆயுதபூஜை விடுமுறையில் மாற்றினோம். பழைய சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் புதியதை ஏற்றினார்கள். சென்ட்ஓஎஸ்ஸின் இடத்துக்கு வந்த அல்மாலினக்ஸ் 9 எடுத்தேன். ராக்கி லினக்ஸ் 9 எடுத்தாலும் ஒன்றுதான். கெர்னல் 5.14, ஆதரவு 2032 மே வரை. இருந்த இடத்திலேயே 7-ஐ 8 ஆக ஏற்ற எலிவேட் என்ற கருவி இருக்கிறது. டாக்கர் ஓடும் சர்வரில் எனக்கு அது பிடிக்கவில்லை. கண்டெய்னரின் பயனே ஹோஸ்டைக் கழற்றி வீசலாம் என்பதுதான், அதை விட்டுவிட்டு ஹோஸ்டுக்கு ஏன் அறுவை சிகிச்சை?

டாக்கர் நிறுவும்போது ரன்சியோடு (கண்டெய்னரை எழுப்பும் சிறு கருவி) மோதல் என்று வந்தால், பாட்மேன், பில்டா, ரன்சி மூன்றையும் நீக்கிவிட்டு நிறுவுங்கள். ரெட்ஹேட் 8 முதலே டாக்கரைக் கைவிட்டு, அதே வேலை செய்யும் பாட்மேனுக்குப் போய்விட்டது, அதன் வழித்தோன்றல்களும் அப்படியே.

கண்டெய்னர் எழுகிறது, மவுன்ட் செய்த ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி மறுப்பு. பழைய சர்வரில் யாரோ எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலை அணைத்து வைத்திருந்தார்கள், புதியதில் அது விழித்திருக்கிறது. வால்யூம் வரியின் கடைசியில் கோலன் போட்டுப் பெரிய இசட் சேருங்கள். பல கண்டெய்னர்கள் பகிரும் ஃபோல்டர் என்றால் சின்ன இசட். எட்சி, ஹோம் போன்ற ஃபோல்டர்களுக்கு இதைப் போட்டுவிடாதீர்கள், சர்வரில் நுழையவே முடியாமல் போகும்.

ஜாவா கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு சாகிறது. பழைய சர்வரில் சிகுரூப் வெர்ஷன் 1, புதியதில் 2. ஜாவா 8-இல் 8யூ372-க்கும், ஜாவா 11-இல் 11.0.16-க்கும் முந்தைய பதிப்புகளுக்கு வெர்ஷன் 2-ஐப் படிக்கத் தெரியாது. கண்டெய்னருக்கு நீங்கள் கொடுத்த மெமரி வரம்பைப் பார்க்காமல் சர்வரின் மொத்த ரேமைப் பார்த்து ஹீப்பை (ஜாவா எடுத்துக்கொள்ளும் மெமரியை) வகுக்கும், வரம்பைத் தாண்டும், கெர்னல் கொன்றுவிடும். இமேஜை ஏற்றுங்கள். உடனே முடியாது என்றால் எக்ஸ்எம்எக்ஸ் போட்டு ஹீப்பைக் கையால் கட்டுங்கள்.

கிளையன்ட் பழசு, குறைந்தது ஏபிஐ (டாக்கரோடு பேசும் முறை) 1.44 வேண்டும் என்று ஏதாவது கண்காணிப்புக் கருவி சொன்னால், உங்களிடம் டாக்கர் 29 இருக்கிறது. அந்தக் கருவியைப் புதுப்பிப்பதுதான் வழி. ஓரிரு நாள் தள்ளிப்போட, டீமன் டாட் ஜேசனில் மின்-ஏபிஐ-வெர்ஷன் என்று 1.24 கொடுக்கலாம்.

பிராசஸர் எக்ஸ்86-64-வி2-ஐ ஆதரிக்கவில்லை என்று ஜிலிப்ஸி பிழை வந்தால், பெரும்பாலும் நிஜப் பிராசஸர் மேல் தப்பில்லை. வர்ச்சுவல் மெஷினின் பிராசஸர் வகை கேவிஎம்64 என்று இருக்கும். ஹோஸ்ட் என்று மாற்றி, மெஷினை முழுசாக அணைத்து எழுப்புங்கள்.

அறிகுறி: எந்த அறிகுறியும் இல்லை

மாறிய பின் எல்லாம் ஓடியது. பழைய சர்வரின் நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்கி, டிஸ்க்கை அழிக்காமல் மூலையில் வைத்திருந்தேன். ஒன்பது நாள் கழித்து, சரி அழித்துவிடலாம் என்று போகும்முன், புதிய சர்வரின் தினசரி பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒன்பது ஃபைல். ஒவ்வொன்றும் 20 பைட்.

ஒன்றுமில்லாததை ஜிசிப் கருவியால் சுருக்கினால் 20 பைட் வரும். பழைய டாக்கர்-கம்போஸ் கண்டெய்னர் பெயர்களை அண்டர்ஸ்கோர் போட்டு இணைக்கும். அதன் முதல் பதிப்புக்கு 2023 ஜூலையில் முடிவு கட்டிவிட்டார்கள். இப்போதுள்ள டாக்கர் கம்போஸ் அதே பெயரை ஹைஃபன் போட்டு இணைக்கிறது. நேரம் வைத்து வேலையை ஓட்டும் கிரானில் இருந்த பேக்கப் ஸ்கிரிப்ட் அண்டர்ஸ்கோர் பெயரைத் தேடி, கிடைக்காமல், வெறுமையை ஜிசிப்புக்குத் தள்ளியிருக்கிறது. பைப்பின் (கட்டளைகளைக் கோக்கும் வரிசையின்) கடைசியில் இருந்த ஜிசிப் வெற்றிகரமாக முடிந்ததால் கிரானுக்கும் எல்லாம் சரி.

கண்டெய்னர் பெயரை எடுத்துவிட்டு டாக்கர் கம்போஸ் எக்ஸெக், பெரிய டி, அப்புறம் சர்வீஸ் பெயர் என்று மாற்றினேன். கிரானில் டெர்மினல் இருக்காது, அதனால் அந்தப் பெரிய டி தேவை. பைப்பின் நடுவில் எது தவறினாலும் பிழை என்று காட்ட, ஸ்கிரிப்டின் தலையில் செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில். கடைசியில், ஃபைல் அளவு 1 எம்பிக்குக் கீழே இருந்தால் என் போனுக்கு மெசேஜ் வரும்படி ஒரு வரி. பழைய டிஸ்க்கை அதற்கும் இரண்டு வாரம் கழித்துத்தான் அழித்தேன்.